தாய்க்கு மனநோவு, பிள்ளைக்கு யார் துணை?

அந்தமானுக்கு உத்தியோகம் பார்க்க வரும் தமிழ்க் குடும்பம் கப்பலில் ஏற்றிக் கொண்டு வருவது நிறைய. பாத்திரம் பண்டம், புளி, ஊறுகாய் ஜாடி, சாமி படம் எல்லாம் வந்து விடும். வராதது ஒன்று உண்டு. அழுகிற குழந்தையைத் தூக்கிக் கொள்ள இன்னொரு ஜோடிக் கை!

ஊரில் அம்மா அடித்தால் குழந்தை பாட்டியிடம் ஓடும். பாட்டி இல்லாவிட்டால் பெரியம்மா வீடு. அதுவும் இல்லாவிட்டால் திண்ணையில் யாராவது இருப்பார்கள். ஹாடோவிலோ ஜங்லிகாட்டிலோ ஒரு குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் குடும்பத்தில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், அவ்வளவுதான். கணவர் ஆபீஸ் போனதும் கதவு சாத்திக் கொள்கிறது. பிறகு அந்த வீட்டில் நடப்பது அந்த வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும்.

சாதாரணக் குடும்பத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் பெற்றவர்களில் ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட வகை மனநோய் இருக்குமானால், பிள்ளையின் எதிர்காலமே இந்த இன்னொரு ஜோடிக் கையில் தொங்கிக் கொண்டிருக்கும். நம்மவர்கள் அதிகம் பேசாத அந்த நோயைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

பெயர் வந்த கதை

டாக்டர்கள் இதை 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்' என்கிறார்கள். தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. எந்த எல்லை என்று கேட்பீர்கள். 1938-ல் அமெரிக்க மனநல மருத்துவர் அடால்ஃப் ஸ்டெர்ன் ஒரு வகை நோயாளிகளைக் கண்டார். அவர்களுக்கு முழுப் புத்தி மாறாட்டமும் இல்லை. வெறும் மனக்கவலை என்று தள்ளி விடவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே, எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் என்றார். பிற்காலத்தில் அந்தக் கருத்து கைவிடப்பட்டது. பெயர் மட்டும் ஒட்டிக் கொண்டது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்தது.

இதன் வேர் ஒரு பயம். 'என்னை விட்டு விட்டுப் போய் விடுவார்கள்' என்கிற பயம். நமக்கு முள் குத்தின வலி இவர்களுக்குக் கத்தி குத்தின வலியாக இருக்கும். காலையில் தெய்வமாகத் தெரிந்த கணவர் சாயங்காலம் ராட்சசனாகத் தெரிவார். கோபம் மளமளவென்று ஏறும். சில மணி நேரத்தில் வடிந்து விடும். வடிந்த பிறகு மனசு வெறிச்சோடிப் போகும். 'நான் யார்?' என்பதே சரியாகப் பிடிபடாது. யோசிக்காமல் பணத்தை இறைப்பது, வெறுங்கையோடு வீட்டை விட்டுக் கிளம்புவது, தன்னையே காயப்படுத்திக் கொள்வது ஆகியவையும் உண்டு. கையேட்டில் சொல்லியுள்ள ஒன்பது அறிகுறிகளில் ஐந்தாவது இருந்தால்தான் இந்தப் பெயரை வைப்பார்கள். ஆகவே கோபக்கார அண்ணி, அழுமூஞ்சி மைத்துனி எல்லோருக்கும் இந்த நோய் என்று வீட்டிலேயே முடிவு கட்டி விடக் கூடாது!

மேல்நாட்டுக் கணக்குகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் இருவர் வரை இந்த நோய் காணப்படுகிறது. ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பெண்கள் அதிகம். ஊர் முழுக்கக் கணக்கெடுத்துப் பார்த்தாலோ ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம். ஆணுக்கு இருந்தால் நம் ஊரில் 'முன்கோபி', 'குடிகாரன்' என்று பெயர் வைத்து முடித்து விடுகிறோம். இந்தக் கட்டுரையில் தாய் என்று எழுதுவதெல்லாம் தகப்பனுக்கும் பொருந்தும்.

தீவும் நோயும்

விட்டுப் போய் விடுவார்கள் என்ற பயம் உள்ளவருக்கு அந்தமானைப் போலக் கஷ்டமான இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. இங்கே உத்தியோகம் என்றாலே போவதும் வருவதும்தான். இன்று டிக்லிபூர், நாளை ரங்கத், அடுத்த வருஷம் கேம்ப்பெல் பே. இரண்டு நாள் கேம்ப் என்று போனவர், கடல் கொந்தளித்துக் கப்பல் கிளம்பாமல் ஒரு வாரம் கழித்து வருவார். சிக்னல் கிடைக்காது. மற்ற மனைவிமார் 'கப்பல் வரல்லியாம்' என்று சொல்லி விட்டு ரசம் வைக்கப் போவார்கள். இந்த நோய் உள்ளவளுக்கோ கப்பல் வராதது, அவர் வர விரும்பாதது என்றே மனத்தில் பதியும். அந்தச் சமயத்தில் பக்கத்தில் இருப்பது யார்? குழந்தைதான்.

ஒரு வீட்டை மனக்கண்ணில் நிறுத்திப் பார்ப்போம். கணவர் குமாஸ்தா. பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு நான்கு. காலையில் தாய் பெண்ணுக்குத் தலை பின்னி, பொட்டு வைத்து, 'என் தங்கமே' என்று முத்தம் கொடுக்கிறாள். எட்டு மணிக்கு ஒரு கால் ஷூவைக் காணோம். டிபன் பாக்ஸ் சுவரில் பறக்கிறது. 'நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்றீங்க' என்று கூச்சல். மத்தியானம் தலையணையில் முகம் புதைத்து அழுகை. மாலையில் மனசு கேட்காமல் கடனுக்கு ஒரு பொம்மை. நாளைக்குத் தங்கம் தம்பியாகவும், சனியன் அக்காவாகவும் மாறலாம்.

இந்த வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒரு பாடத்தைப் படித்து விடுகிறாள். அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தத்தைக் கேட்டே இன்றைய வானிலையைச் சொல்லி விடுவாள். தம்பிக்குச் சோறு ஊட்டுவாள். அம்மாவின் கண்ணைத் துடைப்பாள். 'எட்டு வயசிலேயே என்ன பொறுப்பு!' என்று டீச்சர் மெச்சுவார், அக்கம்பக்கத்தார் மெச்சுவார்கள். மெச்சுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசித்தால் நல்லது. அந்தக் குழந்தை யாரிடமும் குழந்தையாக இருக்கவில்லை என்பதுதான் அந்தப் பொறுப்புக்கு அர்த்தம்.

இந்த நோயுள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மனக்கலக்கமும் நடத்தைச் சிக்கல்களும் கூடுதலாக வருகின்றன என்பது ஆராய்ச்சிகளில் தெரிந்த விஷயம். ஒரு சமயம் கட்டுமீறிய கண்டிப்பு, மறு சமயம் கவனிப்பாரற்ற நிலை, இரண்டுக்கும் இடையே குழந்தை ஊசலாடுவதுதான் பெரிய கெடுதல் என்கிறார்கள். ஆனால் இது தலையெழுத்து அல்ல. பரம்பரையில் கொஞ்சம் வருகிறது. வளர்ப்பில் கொஞ்சம் வருகிறது. வளர்ப்பில் வருவதை நாம் மாற்றலாம்.

உடைந்ததை ஒட்ட வைப்பது

அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் டிரானிக் என்ற மனோதத்துவ நிபுணர் 1970-களில் தாயையும் கைக்குழந்தையையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பல சோதனைகள் செய்தார். நன்றாக இருக்கிற தாயும் சேயும்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒருவர்க்கொருவர் இசைவாக இருக்கிறார்கள் என்று இந்த ஆராய்ச்சி வழி கண்டது. மற்ற நேரமெல்லாம் தவறிப் போகிறது. குழந்தை சிரிக்கும்போது அம்மா வேறெங்கோ பார்க்கிறாள். அம்மா கொஞ்சும்போது குழந்தை முகத்தைத் திருப்புகிறது. ஆனால் தவறியதை உடனே சரி செய்து கொள்கிறார்கள். அந்தச் சரிசெய்தலில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்றுக் கொள்கிறது.

இந்த நோயுள்ள ஒரு தாய்க்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. கோபமே வராத தாயாக அவள் மாற வேண்டியதில்லை. கோபம் வந்து போன பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தால் போதும்.

எப்படித் திரும்பிப் போவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, 'ஷூ தொலைஞ்சதுக்கு நான் அவ்வளவு கத்தியிருக்கக் கூடாது. டிபன் பாக்ஸை எறிஞ்சது என் தப்பு. நீ பயந்துட்டே, இல்லையா?' என்று சொல்வது ஒரு வழி. 'நான் பாவி, நான் செத்தா உங்களுக்கு நிம்மதி' என்று மார்பில் அடித்துக் கொண்டு அழுவது இன்னொரு வழி. இரண்டும் மன்னிப்புப் போலத்தான் தெரியும். இரண்டாவதில் குழந்தை எழுந்து வந்து தாயைத் தேற்ற வேண்டியிருக்கிறது. அதாவது அடி வாங்கியவனே மருந்தும் போட வேண்டும். பொம்மை வாங்கிக் கொடுப்பதும் அப்படித்தான். கடன் மிஞ்சும், காரணம் விளங்காது.

கோபம் ஏறும்போதே கண்டு கொள்ளவும் பழகலாம். நெஞ்சு படபடக்கிறது, காது சூடாகிறது என்று உடம்பு முன்னதாகவே மணி அடிக்கும். அப்போது முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துக் கொள்வது, பின்கட்டில் பத்து நிமிஷம் நடப்பது எல்லாம் வைத்தியர்கள் சொல்லிக் கொடுக்கிற கைமுறைகள்தான். சின்னக் குழந்தையைத் தனியே விட்டு விட்டுப் போக முடியாது. பாதுகாப்பான இடத்தில் இருத்தி விட்டு, கண் எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். 'அம்மா பத்து நிமிஷத்தில வந்துடுவேன்' என்று சொல்லி விட்டுப் போவதும், சொன்னபடி வருவதும் மிக முக்கியம்.

கணவர்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வெளித்தீவுக்குப் போகும்போது வருகிற தேதியைச் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். கப்பல் உங்கள் கையில் இல்லை. 'ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணுவேன். லைன் கிடைக்கலேன்னா காலையில ஆபீஸ் போன்ல பண்ணுவேன்' என்று சொல்லுங்கள். அதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

குழந்தைக்கு என்ன சொல்வது?

'சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?' என்று நம் வீடுகளில் வாயை மூடி விடுவார்கள். சொல்லாவிட்டால் குழந்தை தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். அந்தக் காரணம் எப்போதும் 'நான்தான்' என்றே இருக்கும். 'அம்மாவுக்கு மனசுல ஒரு நோவு இருக்கு. அது உன்னால வரல்லே. அதைச் சரி பண்றது உன் வேலை இல்லே, டாக்டர் வேலை.' எட்டு வயசுக்கு இந்த மூன்று வாக்கியம் போதும். தாயே சொன்னால் உத்தமம். மனசு தெளிவாக இருக்கிற ஒரு நாளில் சொல்ல வேண்டும்.

அடுத்தது அந்த இன்னொரு ஜோடிக் கை. ஊரிலிருந்து பாட்டி வர முடிந்தால் சரி. வர முடியாத வீடுகளே அதிகம். எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா, வெற்றிமலை முருகன் கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம், வகுப்பு டீச்சர், இவர்களில் ஒருவரைத் தாயும் தகப்பனும் சேர்ந்தே தேர்ந்தெடுத்து விஷயத்தைச் சொல்லி வைக்க வேண்டும். 'அம்மா சத்தம் போட்டா நீயும் தம்பியும் அக்கா வீட்டுக்குப் போயிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்' என்று தாயின் வாயாலேயே அனுமதி கிடைத்தால்தான் குழந்தை குற்ற உணர்ச்சி இல்லாமல் படியிறங்கும். தாய்க்குத் தெரியாமல் ஏற்பாடு செய்தால் அதையே அவள் துரோகமாக நினைக்கக் கூடும்.

கயிறு கட்டுவது, மந்திரிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 'இன்னொரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகி விடும்' என்று யோசனை சொல்லுகிற உறவினர்களை என்ன செய்வது? எந்த நோய்க்கு இது மருந்து என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். 'ஊருக்குக் கப்பல் ஏற்றி விடு' என்பது இன்னொரு யோசனை. விட்டு விடுவார்கள் என்ற பயமே நோயாக இருப்பவளைக் குழந்தைகளிடமிருந்து பிரித்து அனுப்பினால் நோய் எப்படித் தணியும்?

குணமாகுமா?

ஆகும். மாஸசூஸெட்ஸில் உள்ள மக்லீன் ஆஸ்பத்திரியில் மேரி ஸனாரினி என்ற ஆராய்ச்சியாளர் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார். பத்து ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்தது இரண்டு வருஷமாவது நோயின் அறிகுறிகள் தணிந்திருந்தன என்று 2010-ல் வெளியான அறிக்கை சொல்கிறது. வேலை, உறவு எல்லாம் சேர்ந்து நிமிர்ந்தவர்கள் பாதிப் பேர்தான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே வருகிற மனச்சோர்வு, தூக்கமின்மை போன்றவற்றுக்கு மருந்து கொடுப்பார்கள். முக்கிய வைத்தியம் பேச்சும் பயிற்சியும்தான். அமெரிக்காவின் மார்ஷா லைன்ஹான் வகுத்த முறை பேர் பெற்றது. 1993-ல் அது நூலாக வந்தது. அவர் கதை விசித்திரமானது. 1961-ல் பதினேழு வயதில் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே கிடந்தவர். 2011-ல், பேராசிரியராகப் பெயர் பெற்ற பிறகு, அதே விடுதிக்குப் போய்த் தன் கதையைப் பகிரங்கமாகச் சொன்னார். லண்டனில் ஆன்டனி பேட்மன், பீட்டர் ஃபோனகி இருவரும் இன்னொரு முறையை வகுத்தார்கள். எதிராளியின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று நிதானித்து யோசிக்கப் பழக்குவது அதன் சாரம். குழந்தை அழுதால் 'என்னை அவமானப்படுத்த அழுகிறது' என்று தோன்றுகிற தாய்க்கு, 'பசிக்கிறதோ?' என்று யோசிக்க ஒரு விநாடி கிடைத்தால் அது எத்தனை பெரிய விஷயம்!

பயிற்சி பெற்றவர்கள் நம் நாட்டுப் பெருநகரங்களிலேயே குறைவு. தலைநகரில், அதாவது 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில், ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். முதல் படி அதுதான். மேற்கொண்டு தேவைப்பட்டால் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், பெங்களூர் நிம்ஹான்ஸும் இருக்கின்றன. நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் கைக்குழந்தையையும் ஒன்றாகவே சேர்த்துக் கொள்ளும் தனி வார்டு உண்டு. முன்போல ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் கப்பலில் போக வேண்டியதில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு வீடியோ மூலம் டாக்டரிடம் பேசுவது சாத்தியமாகியிருக்கிறது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, சிகிச்சைக்குச் சேர்ந்த தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் பிரிக்கலாம். அதையும் 15 நாளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இங்கே மொழிச் சிக்கல் ஒன்று வரும். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர் தமிழர்கள். ஆனாலும் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் ஓடுவது ஹிந்திதான். பள்ளிக்கூடத்தில் ஹிந்தி படித்த பெண்ணையே கூட்டிப் போய், 'அம்மா சொல்றதை டாக்டருக்குச் சொல்லு' என்கிறார்கள். காய்ச்சலுக்குச் சரி. 'எனக்கு வாழவே பிடிக்கல்லே' என்று தாய் சொல்வதை எட்டு வயசுக் குழந்தை மொழிபெயர்க்கலாமா? கணவரோ, தமிழ் தெரிந்த நர்ஸோ, நம்பிக்கையான ஒரு பெண்மணியோ உடன் போகட்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசாங்கத்தின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், இரவும் பகலும் கிடைக்கும், தமிழைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம்.

அந்த எண்ணை அலமாரிக் கதவில் ஒட்டி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் இலட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலை செய்து கொண்டார்கள். அந்தமான் நிக்கோபாரில் அது 42.8. இது எல்லாக் காரணங்களும் சேர்ந்த கணக்கு. எனினும் இந்த நோயுள்ள வீட்டில் 'சும்மா மிரட்டுகிறாள்' என்ற பேச்சே கூடாது. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்து விடாது. கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் கிடைக்கும். பூச்சி மருந்து, மாத்திரைகள் எட்டாத இடத்தில் இருக்கட்டும். அவசரத்துக்கு 112.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிம்ஹான்ஸ் குழுவினர் இங்கே முகாம் முகாமாகச் சென்றார்கள். குழந்தைகளைப் படம் வரையச் சொன்னார்கள், விளையாட விட்டார்கள், பேச விட்டார்கள். ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அன்று குழந்தைகளுக்குத் தேவைப்பட்டது பழக்கமான ஒழுங்கு: நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு விளையாட்டு, தெரிந்த முகம். வீட்டுக்குள் அடிக்கிற அலைக்கும் இதுதான் தேவை. எந்தக் கோபத்திலும் மாறாத இரண்டு விஷயம் போதும். ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு, படுக்கும்போது ஒரு கதை; தாயால் முடியாத அன்று தகப்பன்.

பிள்ளை மெயின்லேண்ட் போகும்போது

குழந்தைகள் வளர்ந்த பிறகு இந்த வீடுகளில் மறுபடி ஒரு கஷ்டமான காலம் வரும். பதினாலு, பதினைந்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் கதவைச் சாத்திக் கொள்ளும். சிநேகிதர்கள்தான் உலகம் என்றிருக்கும். மற்றத் தாய்மார் முணுமுணுத்து விட்டு விடுவார்கள். இந்தத் தாய்க்கு அது கைவிடுவதாகத் தெரியும். அப்புறம் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, 'சென்னையில காலேஜ்' என்ற பேச்சு வரும். 'நீ போனா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது' என்று தாய் சொல்லி விட்டால், அந்தப் பெண் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டு விட்டு வீட்டிலேயே இருந்து விடக் கூடும். அக்கம்பக்கம் அதையும் மெச்சும்.

ஆகவே அந்தப் பேச்சைக் கடைசி மாதத்தில் எடுக்கக் கூடாது. ஒரு வருஷம் முன்பே டாக்டரிடமும் வீட்டிலும் எடுக்க வேண்டும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குப் போன். பொங்கலுக்கு வருகிறாளா, கோடை லீவுக்கா. அவள் போகிற வாரத்தில் தகப்பன் கேம்ப் போகாமல் லீவு போட முடியுமா. அதே வாரத்தில் தாய்க்கு டாக்டரிடம் ஒரு நாள் குறித்தாயிற்றா. இதையெல்லாம் காலண்டரில் எழுதி மாட்டி விட வேண்டும். தம்பிக்கு அப்போது பதினாலு வயது இருக்கும். அக்காவின் இடத்தில் அவனை உட்கார்த்தி விடாமல், எதிர் வீட்டு அக்காவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.